ஆம்புலன்ஸ் வந்தது; ஏன் ஏற்றிச் செல்லவில்லை?

(வடமேற்கு லண்டனில், தமிழ் முதியோரும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆம்புலன்ஸ் வந்தது. பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், என்னென்னவோ எழுதினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்." நான் ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக வேலை செய்கிறவன் என்று தெரிந்ததும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நம்மவர்கள் என்னிடம் முதலில் சொல்லும் புகார் இது. புகாருக்கு அடியில் ஒரு பயமும் இருக்கிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்களா? ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் நோயைப் புரிந்துகொள்ளவில்லையா? ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று தட்டிக் கழித்தார்களா?

இந்தக் கேள்விகள் நியாயமானவை. இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு நோயாளியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்ல வைத்தியமாகவும் இருக்கலாம், கைவிடுவதாகவும் இருக்கலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: வண்டி வந்தது, வெறும் வண்டியாகத் திரும்பியது. உள்ளே நடந்ததில்தான் வித்தியாசம். முறையாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நோயாளியின் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். அடுத்து யார், எப்போது வந்து பார்ப்பார் என்பதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது வைத்தியம். ஒன்று குறைந்தாலும் அது கைவிடல். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிப் பேசப்போவது எல்லாம் இதற்கான விளக்கம்.

வண்டி சேவையிலிருந்து வைத்திய சேவைக்கு

இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் சேவை கையாளும் 999 அவசர அழைப்பு நிகழ்வுகளில் ஏறக்குறைய பாதிதான் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் முடிகிறது. மீதியில் ஒரு பகுதி தொலைபேசியிலேயே தீர்க்கப்படுகிறது. பெரும்பகுதியை எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, அங்கேயே வைத்தியம் செய்தோ, வேறொரு சேவையிடம் ஒப்படைத்தோ முடிக்கிறோம். ஆகவே, வண்டி வெறுமையாகத் திரும்புவது உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அநியாயம் இல்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 சேவை தொடங்கியது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். பிறந்தது. அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸ்கள் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தன. ஓட்டுநருக்கு வண்டி ஓட்டவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும் முதலுதவி செய்யவும் தெரிந்தால் போதும். ஆளை ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதுதான் வேலை. ஏற்றாமல் வருவது வேலையைச் செய்யாமல் வருவதாகக் கருதப்பட்டது. 1966இல் மில்லர் குழுவின் அறிக்கை, ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுபோவதோடு சிகிச்சையும் அளிக்க வேண்டும், அதற்குரிய பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1974இல் இந்தச் சேவை என்.எச்.எஸ்.ஸுடன் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் பாராமெடிக் என்பது அரசுப் பதிவு பெற்ற தொழிலாகியது. 2018 முதல், மேற்படிப்பு முடித்த பாராமெடிக்குகள் மருந்துச்சீட்டு எழுதலாம். 2021 முதல் இந்தத் தொழிலுக்குள் வரப் பட்டப்படிப்பே அடிப்படைத் தகுதி.

இதற்கிடையில் 2005இல் பீட்டர் பிராட்லி தலைமையில் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை ஒன்று எங்கள் தொழிலின் திசையையே மாற்றியது. 999ஐ அழைப்பவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் உயிராபத்தான அவசரநிலை இருக்கிறது என்றது அது. தேவையில்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்படும் லட்சக்கணக்கானவர்களை வீட்டிலேயே கவனிக்க முடியும் என்றும் சொன்னது. இன்று உங்கள் வாசலில் வந்து நிற்பவர் வெறும் ஓட்டுநர் இல்லை. அவர் கையில் இ.சி.ஜி. கருவி இருக்கிறது, மருந்துப் பை இருக்கிறது. மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேச வழி இருக்கிறது. இவ்வளவும் இருப்பவர், பார்க்கும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனால் இவ்வளவும் எதற்கு?

சிலரை ஏற்றியே ஆக வேண்டும்

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத்திணறல், ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, பெரிய விபத்து ஆகியவற்றில், நோயாளியே மறுத்தாலொழிய, வீட்டில் விடுவது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. சொல்லப்போனால், இந்த நோயாளிகளில் சிலரைப் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டியும் கொண்டுபோகிறோம். லண்டனில் 2010 முதல் பக்கவாத நோயாளிகளுக்கென்று எட்டுச் சிறப்பு மையங்கள் ஒதுக்கப்பட்டன. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அங்கேதான் போக வேண்டும்.

நாங்கள் வீட்டுக்குள் வந்ததும் விரலில் ஒன்றை மாட்டுவோம், கையில் பட்டையைச் சுற்றுவோம், காதில் ஒன்றை வைப்போம். அப்போது ஆறு விஷயங்களைக் கணக்கெடுக்கிறோம்: மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், நினைவுத் தெளிவு. இந்த ஆறுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வகுத்து 2017இல் திருத்தியது. மதிப்பெண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வெறும் களைப்பும் வியர்வையுமாகக் காட்டும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் கடுமையான தொற்று இருக்கலாம். கைக்குழந்தை நன்றாக இருப்பதுபோல் இருந்து சட்டென்று சரிந்துவிடும். ஆகவேதான் எண்களைப் பார்த்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஒரே மயக்கம், இரண்டு முடிவுகள்

நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. எனவே இந்த அரங்கில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை.

விடியற்காலை. மனைவி அழைத்திருக்கிறார். படுக்கை முழுக்க வியர்வை. கணவர் கண்ணைத் திறக்கிறார், ஆனால் ஆளை அடையாளம் தெரியவில்லை, கையைத் தட்டிவிடுகிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.1. ஊர்க் கணக்கில் சொன்னால் 40க்கும் கீழ். இந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். கையில் நரம்பு கிடைத்தால் பத்து சதவீத குளுக்கோஸை ஏற்றுவோம். கிடைக்காவிட்டால் தசையில் குளுகாகன் ஊசி. சிறிது நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, "என்ன இது, வீடு நிறைய ஆட்கள்?" என்று கேட்பார். மனைவிக்கு உயிர் திரும்பி வரும். "சரி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமா?" என்று கோட்டை எடுப்பார்.

இப்போதுதான் முக்கியமான கேள்வியை நாங்கள் கேட்கிறோம்: "சர்க்கரைக்கு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?"

இன்சுலின் என்றால், எந்த வகை, எப்போது, எவ்வளவு போட்டார் என்று பார்ப்போம். வழக்கமான அளவுதான், ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் இறங்கியது என்று காரணம் தெரிகிறது. இப்போது ரொட்டியோ இட்லியோ சாப்பிடுகிறார். மறுபடி குத்திப் பார்த்தால் சர்க்கரை நிலையாக நிற்கிறது. பக்கத்தில் மனைவி இருக்கிறார். அப்படியென்றால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் புதிதாகக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. நாற்காலியில் மணிக்கணக்காகக் காத்திருந்த பிறகு, இன்னொருவர் விரலில் குத்திப் பார்த்து, "சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்" என்பார். அதனால் வீட்டிலேயே விடுகிறோம். அன்றே அவருடைய குடும்ப மருத்துவரான ஜி.பி.க்கோ சர்க்கரை நோய் நர்ஸுக்கோ தகவல் போகும், மருந்தளவை மறுபரிசீலனை செய்யும்படி.

அதே மயக்கம், அதே 2.1, அதே மாதிரி எழுந்து உட்கார்ந்தவர். ஆனால் அவர் எடுப்பது கிளிக்லசைடு மாத்திரை. இப்போது முடிவு மாறிவிடும். அந்த வகை மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் போன சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கலாம், சில சமயம் அடுத்தடுத்து இறங்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர் என்றால் ஆபத்து இன்னும் நீளும். அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், "நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்று கெஞ்சினாலும், ஆஸ்பத்திரிக்கு வரும்படிதான் வற்புறுத்துவோம்.

பாருங்கள், பக்கத்து வீட்டில் ஒருவரை ஏற்றினார்கள், எங்கள் வீட்டில் ஏற்றவில்லை என்று நாம் ஒப்பிடுகிறோம். ஒரு மாத்திரையின் பெயர் அந்த வித்தியாசத்தைச் செய்திருக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மருந்துப் பட்டியல் ஒட்டி வைக்கச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

விழுந்தவரைத் தூக்குவது

நாங்கள் அதிகமாகப் போகும் அழைப்புகளில் ஒன்று முதியவர் விழுந்துகிடப்பது. வீட்டிலேயே விடுவதா, ஏற்றிச் செல்வதா என்று ஆழ்ந்து யோசிக்க வேண்டிய அழைப்பும் அதுதான்.

எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, குளியலறை வாசலில், சுவரோடு சாய்ந்து தரையில் இருக்கிறார். மகள் அவர் தோளில் போர்வை போர்த்தியிருக்கிறார். மகளின் கேள்வி: "ஏன் தம்பி, அம்மாவ உடன ஏத்திக்கொண்டு போகேலாதோ?" என் கேள்வி வேறு: "எவ்வளவு நேரமா அம்மா கீழ இருக்கிறீங்கள்?" ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர் என்றால் விஷயமே வேறு. உடல் பாரம் அழுத்திய தசைகள் நைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உடல் குளிர்ந்து, நீர்ச்சத்து வற்றியிருக்கலாம். அடுத்தது: தலையில் பட்டதா? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அபிக்சபான் போன்ற மாத்திரை உண்டா? உண்டு என்றால் ஸ்கேன் பற்றி ஆஸ்பத்திரியோடு பேசியாக வேண்டும். பிறகு கால்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: ஏன் விழுந்தீர்கள்? தடுக்கி விழுவது ஒன்று. கண் இருட்டி விழுவது வேறு. படபடவென்று நெஞ்சு அடித்து விழுவது இன்னும் வேறு. கடைசி இரண்டுக்கும் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

இந்த அம்மாவுக்குக் கால் மணி நேரம்தான் ஆகிறது. தலையில் படவில்லை, இடுப்பு நன்றாக இருக்கிறது. தரைவிரிப்பின் ஓரம் தடுக்கியிருக்கிறது. காற்று போன மெத்தை ஒன்றை அவருக்கு அடியில் செருகுகிறோம். சிறிய பம்ப் காற்றை நிரப்ப நிரப்ப, அவர் உட்கார்ந்தபடியே அடுக்கடுக்காக மேலே வருகிறார், நாற்காலி உயரத்துக்கு. நிற்கவைத்து மறுபடி பிரஷர் பார்க்கிறோம். உட்கார்ந்திருந்ததற்கும் நிற்பதற்கும் பெரிய இறக்கம் இருந்தால் பிரஷர் மாத்திரையில் சந்தேகம் வரும். நடக்கச் சொல்கிறோம்: சமையலறை வரைக்கும், திரும்பி, கழிவறை வரைக்கும். தேநீர்க் கோப்பையைத் தானே பிடிக்கிறாரா என்று பார்க்கிறோம். வழக்கம்போல நடக்கிறார் என்று மகள் சொன்ன பிறகுதான் வீட்டில் விடுவதைப் பற்றியே பேச ஆரம்பிக்கிறோம்.

"எதற்கும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டால் மனசு நிம்மதி" என்பீர்கள். அன்பினால் சொல்லும் வார்த்தை அது. ஆனால் முதியவருக்கு ஆஸ்பத்திரி ஆபத்தில்லாத இடம் இல்லை. பழகாத வெளிச்சம், பழகாத முகங்கள், தூக்கம் இல்லாத இரவு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் நாலாவது நாள் பிள்ளையை அடையாளம் தெரியாமல் குழம்புகிறார். கண்ணாடியும் காதுக்கருவியும் வீட்டில் தங்கிவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். தொற்று வரலாம். எல்லாவற்றுக்கும் மேல், படுக்கை. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கே இந்த கதி. கைத்தடியோடு கழிவறை வரை நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஒரு கிலோ என்பது வீட்டில் வாழ்வதற்கும் பராமரிப்பு இல்லத்தில் வாழ்வதற்கும் இடையிலான தூரம்.

இது என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்வது இல்லை. ஷெஃபீல்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் மூவாயிரம் பேரை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் பார்த்த குழுவில் 62.6 சதவீதம் பேர்தான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களில் 87.5 சதவீதம் பேர் போனார்கள். 28 நாள்களுக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களும் முதல் குழுவில் குறைவு. அதற்காக இறப்பு கூடவில்லை. நோயாளிகளின் திருப்தியும் முதல் குழுவில்தான் அதிகம்.

ஆனால் அந்தப் பயிற்சி இருந்ததால்தான் அந்த முடிவு கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கையசைத்துப் போனால் அடுத்த வாரம் அதே அம்மா மறுபடி விழுவார். அதனால்தான் விழுவதைத் தடுக்கும் குழுவுக்குப் பரிந்துரை எழுதுகிறோம். 2022 முதல் இங்கிலாந்து முழுவதும், அவசரமான நிலையில் இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வரும் சமூக மருத்துவக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. பகல் வேளையில், வாரம் ஏழு நாளும். நர்ஸோ இயன்முறை மருத்துவரோ வருவார். கைப்பிடி வைக்க, மாத்திரையை மாற்ற ஏற்பாடு செய்வார். நாங்கள் வீட்டில் விட்டுச் செல்வது இவர்களை நம்பித்தான்.

வரமாட்டேன் என்பவர்

ஏற்றிச் செல்லாததற்கு இன்னொரு காரணம், நோயாளியே மறுப்பது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. சொன்னதைப் புரிந்துகொண்டு, நினைவில் வைத்து, நன்மை தீமைகளை எடைபோட்டு, தன் முடிவைத் தெரிவிக்கக் கூடியவர் என்றால் முடிவு அவருடையது. நமக்கு அது புத்திசாலித்தனமாகப் படவில்லை என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மகனோ மகளோ எவ்வளவு வற்புறுத்தினாலும், திறனுள்ள தாயைக் கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போக எங்களுக்கு அதிகாரம் இல்லை.

நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் வருகிறது. நெஞ்சுவலி வந்த ஓர் அம்மா. அவரிடம் பேசிய என் சக ஊழியருக்குத் தமிழ் தெரியாது. மகன்தான் இடையில். அம்மா சொல்கிறார்: "நான் வரேல்ல. என்னைக் கட்டாயப்படுத்தாத." மகன் ஆங்கிலத்தில் சொல்கிறார்: அம்மா வரச் சம்மதம் என்கிறார், கொஞ்சம் பயப்படுகிறார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தாயை இழந்துவிடுவோமோ என்ற பதற்றம். ஆனால் அந்த நிமிடத்தில் அந்த அறையில் அம்மாவின் குரல் இல்லாமல் போய்விட்டது. தமிழ் தெரிந்த நான் அங்கே இருந்ததால் தப்பியது. எல்லா வண்டியிலும் தமிழர் இருக்க மாட்டார். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்து வயதுப் பேரப்பிள்ளையை நடுவில் நிறுத்திப் பாட்டியின் வயிற்றுப்போக்கையும் சாவைப் பற்றிய பேச்சையும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். இது மாரடைப்பாக இருக்கலாம், உயிரே போகலாம் என்று சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன், தெளிவாகச் சொன்னார். அப்புறம் கேட்டேன்: "ஏன் அம்மா வரமாட்டன் எண்டுறீங்கள்?" உள்ளறையைப் பார்த்தார். அங்கே ஞாபகமறதி நோய் வந்த கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். "நான் இல்லாட்டி அவர் தேடுவார் தம்பி." மகன் அன்று இரவு தந்தையோடு இருப்பதாக ஒத்துக்கொண்டார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். அம்மா வண்டியில் ஏறினார்.

மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவது எளிது. காரணத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் கடமை. கேட்ட பிறகும் வரமாட்டேன் என்றால், அந்த முடிவை மதித்து, ஜி.பி.க்குச் சொல்லி, எப்போது மறுபடி அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம்.

உயிர் பிரிந்த வீட்டில்

இதைப் பேசுவது கடினம். ஆனால் பேசாமல் விட்டால் நம் குடும்பங்களில் ஒரு காயம் ஆறாமலே இருக்கும். "வீட்டிலேயே நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அப்பா பிழைத்திருப்பார்." இந்தச் சொல்லைப் பலர் வருஷக்கணக்காகச் சுமக்கிறார்கள்.

இதயம் நின்ற ஒருவருக்கு முதலில் தேவையானது விடாமல் நெஞ்சை அழுத்துவது, மின்அதிர்ச்சி, மூச்சுக்கு வழி, அட்ரினலின். இத்தனையும் நாங்கள் உங்கள் கூடத்திலேயே செய்கிறோம். ஓடும் வண்டியில் நெஞ்சை அழுத்தினால் கை நழுவும், அழுத்தம் குறையும், இடைவெளி விழும். அதனால் தரையில் வைத்துச் செய்வதே அவருக்கு நாங்கள் தரக்கூடிய மிகச் சிறந்த வாய்ப்பு. எல்லாம் செய்தும் இருபது நிமிடம் இதயத்தில் எந்த மின்துடிப்பும் இல்லை என்றால், முயற்சியை நிறுத்துகிறோம். குழந்தைகள், கர்ப்பிணிகள், குளிரில் உறைந்தவர்கள், போதைமருந்தால் இதயம் நின்றவர்கள் போன்றோருக்கு விதி வேறு. மற்றபடி, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது அவருக்கு எதையும் மறுத்ததாக ஆகாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்று மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் சிலரிடம் இருக்கும். அது அந்த ஒரு செயலுக்கு மட்டும்தான். வலி வந்தால் மருந்து உண்டு, காய்ச்சல் வந்தால் சிகிச்சை உண்டு, தேவையென்றால் ஆஸ்பத்திரியும் உண்டு. அந்தத் தாளைக் காட்டி யாராவது வேறு வைத்தியத்தை மறுத்தால் தட்டிக் கேளுங்கள்.

வரிசையை வீட்டுக்குள் விடக் கூடாது

இதுவரை எங்கள் தரப்பைச் சொன்னேன். இனி எங்கள் மீதே வைக்க வேண்டிய குற்றச்சாட்டையும் சொல்ல வேண்டும்.

2022 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் அடங்கும் இரண்டாம் வகை அழைப்புகளுக்குச் சராசரியாக 18 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. அந்த மாதம் இங்கிலாந்தின் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. ஆஸ்பத்திரி வாசல்களில் நோயாளிகளை இறக்க முடியாமல் வண்டிகள் வரிசையாக நின்றன. அப்படிப்பட்ட இரவில் ஒரு பாராமெடிக் உங்கள் வீட்டுக்கு வரும்போது, அந்த வரிசை அவர் மனத்திலும் நின்றுகொண்டிருக்கும். "இவரைக் கொண்டுபோனால் ஆறு மணி நேரம் வாசலில் நிற்க வேண்டுமே" என்ற நினைப்பு வரும். வரக் கூடாது. வந்தாலும் அது முடிவைத் தொடக் கூடாது. இந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியால் என்ன நன்மை, என்ன தீமை என்ற கணக்கைத் தவிர வேறெதுவும் அந்தப் படுக்கையருகே வரக் கூடாது.

ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வீட்டில் விடப்படுவோரின் விகிதம் ஒரு ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் பெரிய அளவில் மாறுகிறது என்று காட்டியது. மேற்பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், முடிவெடுக்கும் ஊழியருக்கு மேலிடம் துணை நிற்கிறதா என்பவையெல்லாம் அதில் பங்கு வகிக்கின்றன. அப்படியென்றால், நீங்கள் ஏற்றப்படுவதும் விடப்படுவதும் உங்கள் நோயை மட்டும் பொறுத்ததில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரையும் பொறுத்தது. இது சரியில்லை. இதை மாற்ற வேண்டிய பொறுப்பு எங்கள் துறையை நடத்துபவர்களுக்கு உண்டு.

வீட்டில் விடப்பட்ட பிறகு இறந்தவர்களைப் பற்றி மரண விசாரணை அதிகாரிகள் எச்சரிக்கை அறிக்கை எழுதியதும் உண்டு. அத்தகைய இறப்பு ஒவ்வொன்றிலும் நாங்கள் கேட்க வேண்டியவை நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றும்தான்: பரிசோதித்தார்களா, அவரைக் கேட்டார்களா, அடுத்து பார்க்க ஆளை ஏற்பாடு செய்தார்களா. அதே நோயாளி ஒரு நாளுக்குள் மறுபடி அழைத்தால் அதை அபாய மணியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். "நேற்றுதானே பார்த்தோம்" என்ற சொல் எங்கள் வாயில் வரவே கூடாது.

உங்களிடம் கேட்பது

கடைசியாக, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மருந்துப் பட்டியலை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஊரிலிருந்து வரவழைத்த மாத்திரை, சித்த மருந்து, கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். நாங்கள் கோபப்பட மாட்டோம். அம்மா அப்பாவிடம், கடைசிக் காலத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று இப்போதே பேசுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குச் சீருடை போட்ட அந்நியர் முன்னால் முதல் தடவையாகப் பேச வேண்டிய விஷயம் இல்லை அது.

உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில் மருத்துவ ஆலோசனைக்கான 111ஐ அழைக்கலாம். ஆனால் நெஞ்சுவலிக்கும் பக்கவாதத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் 999ஐ அழைக்கத் தயங்காதீர்கள். "தொந்தரவு கொடுக்கிறோமோ" என்று நம் பெரியவர்கள் விடியும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் கூச்சம் உயிரைக் குடித்திருக்கிறது.

வீட்டிலேயே இருக்கலாம் என்று நாங்கள் சொன்னால், கோபப்படாமல், பயப்படாமல் ஐந்து கேள்விகள் கேளுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன கண்டுபிடித்தீர்கள்? என்னவாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? எந்த அறிகுறி வந்தால் மறுபடி அழைக்க வேண்டும்? இனி யார், எந்த நாளில் பார்ப்பார்? இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா? அம்மாவுக்குத் தமிழில்தான் புரியும் என்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த ஐந்துக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் பாராமெடிக் உங்களை வீட்டில் விட்டுச் சென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்களுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. பதில் வரவில்லை என்றால், அது வரும்வரை எங்களை வாசலைத் தாண்ட விடாதீர்கள்.